நகரமும் காட்டுயிரும் – 9: குட்டி உள்ள கரையில் தள்ளி நிற்போம்

சென்ற வாரம் குரங்குகளைப் பார்த்தோம். அவற்றோடு நமக்குள்ள தகராறு எரிச்சலிலிருந்து பிறப்பது. நீர்நாய்களோடு வந்திருக்கும் தகராறு பாசத்திலிருந்து பிறக்கிறது. 2016இல் தேசிய தினத்தையொட்டி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நடத்திய வாக்கெடுப்பில், பீஷான் பூங்காவின் பத்து உறுப்பினர் கொண்ட நீர்நாய்க் குடும்பத்தை வாசகர்கள் சிங்கப்பூரின் அடையாளமாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1970களில் இத்தீவை விட்டே மறைந்து, 1990களின் பிற்பகுதியில் சுங்கை பூலோ பக்கம் மீண்டும் தலைகாட்டிய ஒரு விலங்குக்கு இது பெரிய வரவேற்புதான். ஆனால் எப்படி நேசிப்பது என்று கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டால், அந்த நேசமே குட்டிகளுக்கும் நமக்கும் கெடுதலாக முடியும்.

அவை திரும்பிவந்ததற்குக் காரணம் தண்ணீர். 1977இல் தொடங்கிய துப்புரவுப் பணி பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் மீன் வாழும் நீராக்கியது. 2012இல் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் சிமெண்ட் கால்வாயை உடைத்து, புல்லும் கல்லுமாக வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். 2020இல் கொவிட் கட்டுப்பாட்டுக் காலத்தில் முஸ்தபா சென்டர் வாசலிலும் கேகே மருத்துவமனைக் கூடத்திலும் நீர்நாய்கள் ஓடிய படங்களைப் பார்த்து, ஆள் நடமாட்டம் இல்லாததால் எங்கிருந்தோ வந்துவிட்டன என்று பலர் நினைத்தார்கள். ஆனால் தேக்கா என்னும் லிட்டில் இந்தியாவை ஒட்டிச் செல்லும் ரோச்சோர் கால்வாய் காலாங் படுகையில்தான் போய்க் கலக்கிறது. தேக்காவுக்கு வர அவற்றுக்கு வேறு வழி எதற்கு? நகரம் முழுவதும் வடிகால்களால் பின்னப்பட்டிருக்கிறது. அந்தப் பின்னல் மொத்தமும் அவற்றின் நடைபாதை.

குட்டிகளை உற்றுக் கவனித்தவர்களிடமிருந்துதான் நாம் அதிகம் கற்றிருக்கிறோம். கண் திறக்காமல் பிறக்கும் குட்டிக்குச் சில வாரங்களுக்குப் பிறகும் தண்ணீர் என்றால் பயம். தாயோ தகப்பனோ பிடரியைக் கவ்வி இழுத்து நீரில் விடும்; குட்டி கத்திக்கொண்டே கரையேறும்; மறுபடியும் இழுத்து விடும். மூத்த அண்ணன் அக்காள்களும் பக்கத்தில் நீந்திக் காவல் காக்கும். பிடித்த மீனைக் கொண்டுவந்து குட்டிக்குக் கொடுக்கும். நாய் ஒன்று கரையோரம் வந்தால் போதும், பெரியவை தலையை நிமிர்த்தி மூக்கால் சீறும். குட்டிகள் பின்னே போகும், கூட்டம் முன்னே வரும். முன்னே வரும் அந்தக் கூட்டத்தைக் கைப்பேசியோடு நிற்பவர் 'நம்மிடம் ஆசையாக வருகின்றன' என்று எடுத்துக்கொள்கிறார். ஆபத்து தொடங்குவது இந்தத் தவறான வாசிப்பில்தான். ஆட்டர்வாட்ச் போன்ற தன்னார்வக் குழுக்கள் கரையில் நின்று, எந்தக் குடும்பம் எங்கே, எத்தனை குட்டி என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தன. 2016 ஜனவரியில் குடும்பத்தைப் பிரிந்து தவித்த 'டோபி' என்ற குட்டியை மீண்டும் பெற்றோரிடமே சேர்க்க முடிந்ததற்கு அந்தக் குறிப்புகளும் கைகொடுத்தன.

வளர்ப்புக் குளத்து கோய் மீன்களைத் தின்றுவிடுகின்றனவே, பிடித்து வேறிடத்தில் விட்டால் என்ன என்பது பறிகொடுத்தவர்களின் கேள்வி. அவர்கள் இழப்பு உண்மையானது. விலை உயர்ந்த மீன்கள், பலருக்குப் பிள்ளைபோல வளர்த்தவை. ஆயினும் நீர்நாய் எல்லை வகுத்து வாழும் விலங்கு. ஒரு குடும்பத்தை அகற்றினால் அந்தக் காலியிடத்துக்கு இன்னொரு குடும்பம் வரும். தப்பிக்க வழியில்லாத மீன்கள் நிறைந்த குளம் அங்கேயே இருக்கும்வரை, வேலியின் இடைவெளியை அடைப்பதே நிலைத்த தீர்வு.

சட்டம்தான் இருக்கிறதே என்பார்கள் வேறு சிலர். 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி, காட்டுயிருக்கு உணவு கொடுத்தால் முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அது தேவையான சட்டம். வட அமெரிக்காவில் மனிதர் கொடுக்கும் தீனிக்குப் பழகிய கருங்கரடிகள் வீடுகளைத் தேடி வந்து, கடைசியில் சுட்டுக் கொல்லப்படுகின்றன. ஊட்டிய கை அன்பான கைதான். ஆனால் சட்டம் தீனி போடும் கையைத்தான் தடுக்கும், படமெடுக்க ஓரடி முன்வைக்கும் காலைத் தடுக்காது. 2021 நவம்பரில் பூமலைத் தாவரவியல் பூங்காவில் விடியுமுன் நடைபயின்ற ஒருவரை நீர்நாய்க் கூட்டம் பலமுறை கடித்தது. அவர் தீனி எதுவும் போடவில்லை. அவருக்குச் சற்றுமுன் இன்னொருவர் கூட்டத்துக்குள் ஓடியதில் அவை மிரண்டிருந்தன என்றே செய்தி வந்தது. மிரண்ட கூட்டத்தைக் கண்டால் நின்று, மெல்லப் பின்வாங்கி, வழிவிட வேண்டும் என்பது பழக்கத்தால் மட்டுமே வரும் அறிவு.

கூடிநின்று பார்ப்பதே தொந்தரவில்லையா என்ற மூன்றாவது கேள்வியை என்னால் தள்ள முடியவில்லை. அவை வாழும் வளைக்கும் நீருக்கும் நடுவே இருபது பேர் நின்றால், குட்டியைக் கவ்வி வரும் தாய்க்கு வழி அடைபடுகிறது. அதனால்தான் தேசியப் பூங்காக் கழகமும் தன்னார்வலர்களும் சொல்வது 'பார்க்காதே' என்றில்லாமல், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதாக இருக்கிறது: தொடாதே, துரத்தாதே, பிளாஷ் போடாதே, நாயை வாரில் பிடி. இந்த நான்கையும் பூங்கா நுழைவாயிலில் ஆண்டு முழுவதும் தொங்கும் பலகையில் எழுதினால் கண்ணுக்குப் பழகிப் படிக்கப்படாமல் போகும். குட்டி பிறந்த வாரத்தில், அந்தக் கரையிலேயே, நான்கு மொழிகளிலும் வைக்கவேண்டும். காலாங் ஆற்றோரம் பேரப்பிள்ளையைக் கைப்பிடித்து நடக்கும் தாத்தா பாட்டிகளில் தமிழில் படிப்பவர்கள் பலர்; 'அங்க பாரு, குட்டி' என்று பிள்ளைக்கு முதலில் காட்டப்போகிறவர்களும் அவர்கள்தான்.