பிளாற்றினச் சேர்வைகளின் அமைப்பும் தாக்குதிறனும்: ஒரு விளக்கக் குறிப்பு

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள நாம் இரசாயனவியற் பொருளொன்றைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். இதற்கு இரு காரணங்கள் உள. பல்கலைக்கழகத்திலே கலைப் பீடமும் விஞ்ஞான பீடமும் ஒன்றையொன்று அறியாதிருக்கும் நிலை அறிவு வளர்ச்சிக்கு உகந்ததன்று என்பது முதலாவது. முற்போக்குச் சிந்தனையாளர்கள் இயற்கை விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசும்போது, நீர் நீராவியாவது போன்ற ஓரிரு பழைய உதாரணங்களோடு அமைந்துவிடுகின்றனர் என்பது இரண்டாவது. பொதுச் சூத்திரங்களை மீண்டும் மீண்டும் கூறுவதிலும் பார்க்க, குறித்த ஒரு நிகழ்வை அதன் விவரங்களோடு நோக்குவது பயனுடையது. அந்நோக்கிலேயே பிளாற்றினச் சேர்வைகளை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

பிளாற்றினம் எளிதில் மாற்றமுறாத உலோகம். ஆயினும் அதன் அணு வேறு அயன்களையும் மூலக்கூறுகளையும் தன்னைச் சூழ இணைத்துக்கொண்டு சிக்கற் சேர்வைகளை உண்டாக்குகிறது. அவ்வாறு இணைவனவற்றை இணையிகள் என்பர். குளோரைட்டு அயன், அமோனியா, நீர், சயனைட்டு முதலியன அத்தகையவை. மைய அணு ஒன்றேயாயினும், எந்த இணையிகள் எந்த ஒழுங்கிலே அமைகின்றன என்பதைப் பொறுத்துச் சேர்வையின் நடத்தை முற்றாக வேறுபடுகிறது.

1840களில் இத்தாலியரான பெய்ரோனேயும் பிரான்சியரான றெய்சேயும் வேறு வேறு முறைகளில் இரு சேர்வைகளைப் பெற்றனர். இரண்டிலும் ஒரு பிளாற்றினம், இரண்டு அமோனியா, இரண்டு குளோரீன் என்பனவே இருந்தன. ஆயினும் அவற்றின் இயல்புகள் ஒன்றாக இருக்கவில்லை. இப்புதிருக்குத் தக்க விளக்கத்தை 1893இல் சூரிச் நகரிலிருந்த அல்பிரெட் வேர்ணர் முன்வைத்தார். இணையிகள் நான்கும் நான்முகியொன்றின் முனைகளில் இருந்தால் ஒரு வடிவமே சாத்தியமாகும். இரு வடிவங்கள் இருப்பதால் அவை சதுரமொன்றின் நான்கு மூலைகளில் இருத்தல் வேண்டும் என அவர் வாதித்தார். ஒத்த இணையிகள் அடுத்தடுத்த மூலைகளில் இருப்பது சிஸ் வடிவம். எதிரெதிர் மூலைகளில் இருப்பது திரான்ஸ் வடிவம். வேர்ணருக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

அமைப்பு எவ்வாறிருக்கிறது என்பதற்கு வேர்ணர் விடை தந்தார். அவ்வமைப்பு தாக்கத்தை எவ்வாறு நெறிப்படுத்துகிறது என்ற வினாவுக்கு விடை உருசியாவிலிருந்து வந்தது. இது தற்செயலன்று. முதலாம் உலகப் போருக்கு முன்னர் உலகின் பிளாற்றினத்திற் பெரும்பகுதி யூரல் பிரதேசத்திலேயே கிடைத்தது. ஆனால் அது பெரும்பாலும் தூய்மையாக்கப்படாத நிலையில் ஏற்றுமதியாகி மேற்கு ஐரோப்பாவிலே சுத்திகரிக்கப்பட்டது. மூலப்பொருள் ஒரு நாட்டிலும் அதனைப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் வேறு நாடுகளிலும் இருந்த இந்நிலை நமக்குப் புதியதன்று. புரட்சியை அடுத்து, 1918இல், உள்நாட்டுப் போருக்கும் பஞ்சத்துக்கும் நடுவே, பெத்ரோகிராட்டில் பிளாற்றினத்தை ஆராய்வதற்கென நிறுவகமொன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவரான லெவ் சுகாயெவ் 1922இல் நோயினால் மறைந்தார். அவருடைய மாணவரான இலியா சேர்ணியாயெவ் 1926இல் ‘திரான்ஸ் விளைவு’ என்னும் விதியை வெளியிட்டார்.

அவ்விதியின் சாரம் பின்வருமாறு: ஓர் இணையி தனக்கு நேரெதிரே உள்ள இணையி வெளியேறும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இவ்வாற்றல் எல்லா இணையிகளுக்கும் சமமன்று. நீர், அமோனியா என்பன இவ்வகையில் வலுக்குறைந்தவை. குளோரைட்டு, புரோமைட்டு, அயடைட்டு என்பன படிப்படியாக வலுக்கூடியவை. சயனைட்டு, காபனோரொட்சைட்டு, எதிலீன் என்பன மிக வலியவை.

இதனை ஓர் உதாரணத்தாற் காண்போம். நான்கு குளோரைட்டுகளைக் கொண்ட சேர்வையில் அமோனியாவைச் சேர்த்தால் முதலில் ஏதேனும் ஒரு குளோரைட்டு வெளியேறி அமோனியாவுக்கு இடங்கொடுக்கும். எஞ்சிய மூன்றில் ஒன்று அமோனியாவுக்கு எதிரே உள்ளது. மற்றை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரே உள்ளன. அமோனியாவிலும் குளோரைட்டே தனக்கு எதிரேயுள்ளதை எளிதில் வெளியேற்றுமாதலால், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டில் ஒன்றே அடுத்து நீங்கும். ஆகவே இரண்டாவது அமோனியா முதலாவதற்கு அடுத்த மூலையில் அமர, சிஸ் வடிவம் கிடைக்கிறது. மாறாக, நான்கு அமோனியாக்களைக் கொண்ட சேர்வையிலிருந்து தொடங்கினால், முதலிற் புகுந்த குளோரைட்டு தனக்கு எதிரேயுள்ள அமோனியாவை வெளியேற்றும். இரண்டாவது குளோரைட்டு அவ்விடத்தைப் பெற, திரான்ஸ் வடிவம் தோன்றும். சென்று சேரும் இடத்தைத் தொடங்கிய இடமும் வழியும் தீர்மானிப்பதை இங்கு காண்கிறோம்.

இவ்விளைவின் காரணத்தை விளக்குவதற்கு இரு வழிகள் இன்று ஏற்கப்படுகின்றன. ஐதரைட்டு, மெதைல் போன்ற சில இணையிகள் மைய அணுவுக்கு இலத்திரன்களைத் தாராளமாக வழங்கி எதிர்ப் பிணைப்பை நலிவுறச் செய்கின்றன. குளோரைட்டின் இடத்தில் ஐதரைட்டு எதிரே இருக்கும்போது பிரதியீடு பல்லாயிரம் மடங்கு விரைவாவது அறியப்பட்டுள்ளது. காபனோரொட்சைட்டு, எதிலீன் போன்றவையோ மைய அணுவிலிருந்து இலத்திரன் செறிவைத் தம்பால் ஈர்க்கின்றன. பிளாற்றினத்தின் பிரதியீட்டுத் தாக்கத்திற் பழைய இணையி வெளியேறுமுன்னரே புதியது வந்து இணைகிறது. இடையிலே ஐந்து இணையிகள் கொண்ட நிலையொன்று தோன்றுகிறது. மைய அணுவின் இலத்திரன் செறிவு குறைந்தால் அவ்விடைநிலை எளிதில் உருவாகும்.

இணையியின் பருமனும் கருதத்தக்கது. சதுரத் தளத்தின் மேலும் கீழும் வெற்றிடமிருப்பதாற் புதிய இணையி அவ்வழியே நெருங்குகிறது. அவ்வெளியை மறைக்கும் பருமனான கூட்டமொன்று இருந்தால் தாக்கம் மந்தமாகும்.

இவ்வறிவின் சமூகப் பயன் எதிர்பாராத இடமொன்றில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாணெற் றோசன்பேக் என்பவர் பற்றீரியாக்கள் மீது மின்புலத்தின் தாக்கத்தை ஆராய்ந்தார். பற்றீரியாக்கள் பிரிவடையாது நீண்டு வளர்ந்தன. அதற்குக் காரணம் மின்புலமன்று. பிளாற்றின மின்வாயிலிருந்து உண்டான சேர்வைகளே என்பது 1965இல் வெளியாயிற்று. பெய்ரோனேயின் பழைய சிஸ் சேர்வை புற்றுநோய்க் கட்டிகளைத் தடுப்பது பின்னர் அறியப்பட்டு, 1978இல் அது அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

அது செயற்படும் முறை இணையிகளின் செயலேயாகும். குருதியிற் குளோரைட்டுச் செறிவு மிகுதியாதலால் அங்கு அச்சேர்வை பெரும்பாலும் மாற்றமின்றி இருக்கிறது. கலத்தினுள் அச்செறிவு குறைவு; அங்கு குளோரைட்டுகளின் இடத்தை நீர் பெறுகிறது. நீர் எளிதில் வெளியேறுவதால், பிளாற்றினம் டீ.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள இரு குவானின்களைப் பற்றி இழையை வளைத்துவிடுகிறது. திரான்ஸ் வடிவம் அவ்வாறு அடுத்துள்ள இரண்டைப் பற்றவியலாது. அது மருந்தாகப் பயன்படவில்லை.

ஆனால் சிஸ் சேர்வை சிறுநீரகத்துக்கு ஊறு விளைவிக்கிறது. அதனால் இரு குளோரைட்டுகளுக்குப் பதிலாக, இரண்டு கைகளாலும் பிளாற்றினத்தைப் பற்றும் ஒரே இணையி கொண்ட காபோபிளாற்றின் உருவாக்கப்பட்டு, 1989இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. ஒரு கை நழுவினும் மறு கை பற்றியிருத்தலால் அது மெதுவாகவே தாக்கமுறுகிறது; சிறுநீரகப் பாதிப்பும் குறைகிறது. அமோனியாக்களின் இடத்தில் வளைய அமைப்புடைய இணையி கொண்ட ஒட்சாலிபிளாற்றின் பெருங்குடற் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. மூன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. பட்டியலில் இருப்பதும் ஏழை நோயாளியின் கைக்கு எட்டுவதும் ஒன்றல்ல. அவ்விடைவெளியை இரசாயனவியல் நிரப்பமாட்டாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பொருளின் பண்பு தனித்த சாரமொன்றில் அன்றி, உறவுகளில் வெளிப்படுகிறது என்பதற்கு மேற்கூறியவை நல்ல சான்று. ஆயினும் இதிலிருந்து சமுதாய விதிகளைப் பெறமுடியாது. நமது மெய்யியலிலிருந்து இரசாயன விதிகளைப் பெறவும் முடியாது. 1951இல் மொஸ்கோவில் நடைபெற்ற மாநாடொன்றில், இரசாயனப் பிணைப்புப் பற்றிய பரிவுக் கொள்கை கருத்துமுதல்வாதம் எனக் கண்டிக்கப்பட்டது. சீர்க்கின், தியாற்கினா முதலிய ஆய்வாளர்கள் தாக்குதலுக்குள்ளாயினர். அதனால் இழப்புற்றது சோவியத் விஞ்ஞானமே. சேர்ணியாயெவின் விதி நிலைத்தமைக்குக் காரணம் அது சரியான நாட்டிலே பிறந்தமையன்று; ஆய்வுகூடத்திலே மீண்டும் மீண்டும் சோதித்து மெய்ப்பிக்கப்பட்டமையாகும். புரட்சி அந்த ஆய்வுகூடத்தை அமைத்துக் கொடுத்தது. அங்கு பெறவேண்டிய முடிவை விதித்தது அன்று. இவ்விரண்டையும் ஒருசேர நினைவிற் கொள்வது நம்மனோர்க்கு இன்றும் அவசியமாகும்.