இணையத்தளம் செய்பவர் கேட்கும் விலை எப்படி வருகிறது?

கடைக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்ற எண்ணம் இன்று சிறு வியாபாரிக்கும் வந்துவிட்டது. ஆனால் மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டால் தலை சுற்றுகிறது. ஒருவர் 60,000 ரூபாவுக்குள் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் 140,000 கேட்கிறார். மூன்றாமவர் நம்மிடமே இருபது கேள்விகள் கேட்டுவிட்டு, விலையை அடுத்த வாரம் சொல்வதாகப் போய்விடுகிறார். சரக்கு என்றால் புறக்கோட்டையின் மொத்த விலை நமக்குத் தெரியும், அதன் மேல் எவ்வளவு இலாபம் வைத்திருக்கிறார் என்று கணக்குப் பார்க்கலாம். கையால் தொட முடியாத இந்தச் சரக்குக்கு என்ன விலை?

வீடு கட்டியவர்களுக்கு இது புதிய விடயமல்ல. மேசன் பாஸுக்கு நாட்சம்பளமும் கொடுக்கலாம், கொந்தராத்தும் பேசலாம். எந்தக் கம்பனியிலும் சேராமல் தனியாக இணையத்தளம் அமைக்கும் இளைஞர்களிடமும் இந்த இரண்டு முறைகளே உள்ளன. வெளியில் மொத்தத் தொகையாகச் சொன்னாலும், உள்ளே அது மணித்தியாலக் கணக்குத்தான்.

கிருலப்பனையில் வீட்டு மேல்மாடி அறையிலிருந்து தொழில் செய்யும் ஓர் இளைஞரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வீட்டுச் செலவுக்கு மாதம் 150,000 ரூபா தேவை. மின்சாரம், இணைய இணைப்பு, மென்பொருட் கட்டணம், மூன்று நான்கு வருடத்தில் கணினி மாற்றுவதற்கான சேமிப்பு எல்லாம் சேர்த்து 45,000. ஆக 195,000 ரூபா வந்தாக வேண்டும். மாதத்தில் 25 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம் என்றால் 200 மணித்தியாலம். அனுபவம் இல்லாதவர் 195,000ஐ 200ஆல் பிரித்து, மணித்தியாலத்துக்கு 975 ரூபா என்று முடிவு செய்கிறார். 60 மணித்தியால வேலைக்கு 58,500 ரூபா கேட்கிறார்.

அடிபட்டவர் அப்படிப் பிரிப்பதில்லை. கொட்டேஷன் எழுதுவது, கடை கடையாகப் போய்ப் பேசுவது, புதியதைப் படிப்பது, பழைய பாக்கிக்கு அலைவது ஆகியவற்றுக்கு எவரும் பணம் தருவதில்லை. பணம் கிடைக்கும் வேலை பாதி நேரம்தான். ஆகவே 100ஆல் பிரிக்கிறார், 1,950 வருகிறது. அதே 60 மணித்தியாலம் 117,000. எதிர்பாராத வேலைக்கு 20 சதவீதம் சேர்த்தால் 140,400. இரண்டு கொட்டேஷன்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான். இதில் பேராசை எதுவும் இல்லை. குறைவாகக் கேட்டவர் நேர்மையானவராகவே இருக்கலாம், ஆனால் இரண்டாம் மாதம் வீட்டுச் செலவுக்குப் பணம் போதாமல் வேறு வேலைக்குப் போய்விடுவார். பாதியில் நிற்பது உங்களுடைய தளம்.

வேர்ட்பிரஸ் இலவசம்தானே என்று கேட்பவர்களும் உண்டு. உண்மை, 2003இல் வெளியான காலம் முதல் அது இலவசம்தான். சீமெந்து சும்மா கிடைத்தாலும் பாஸுக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

விலை ஏறும் இடம் பெரும்பாலும் நிரல் எழுதும் வேலையிலும் இல்லை. ஹார்ட்வெயார் கடை ஒன்றில் 400 பொருட்களைத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம், அளவு, விலை என்று ஒரு பொருளுக்கு 5 நிமிடம் போனாலும் 33 மணித்தியாலத்துக்கு மேல். மேற்சொன்ன கணக்கில் 65,000 ரூபா. இந்த வேலையைக் கடையில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு மாலையில் காட்டிக்கொடுத்தால் அந்தத் தொகை முழுவதும் மிச்சம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மும்மொழியில் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பும் சரிபார்ப்பும் தனிச் செலவு. வட்ஸ்அப்பில் அனுப்பும் மங்கலான படங்களைச் சரிசெய்வதும் நேரம்தான்.

இன்னொரு காரணம் டொலர். சேவர் வாடகையும் பல மென்பொருட் கட்டணங்களும் டொலரில் உள்ளவை. 2022 ஆரம்பத்தில் 100 டொலர் வாடகைக்கு ஏறக்குறைய 20,000 ரூபா போதுமாக இருந்தது. மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கி, மே மாதத்தில் அதே வாடகை 36,000ஐத் தாண்டியது. வருடத்துக்கு என்று ரூபாவில் விலை பேசி வைத்திருந்தவர்கள் நட்டத்தைத் தாங்களே சுமந்தார்கள். போதாக்குறைக்கு நீண்ட மின்வெட்டு வேறு. கொட்டேஷனின் அடியில் 'இத்தனை நாட்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும்' என்று எழுதியிருந்தால் கோபிக்க வேண்டாம்.

அதே இளைஞருக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரும் உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே விலை கூடுதல், ஆனால் முழுவதும் கைக்கு வருவதில்லை. ஃபைவர் தளம் 20 சதவீதத்தைக் கழித்துக்கொள்கிறது. வங்கி வழியாக நாட்டுக்கு வரும் இத்தகைய சேவை வருமானத்துக்கு முன்னர் வரிவிலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் முதல் உச்சபட்சம் 15 சதவீத வருமான வரி வந்துள்ளது. உள்ளூர் வியாபாரி தாமதமின்றிப் பணம் கொடுத்தால், கொஞ்சம் குறைந்த விலைக்கும் அவரையே விரும்புபவர்கள் பலர்.

நம்மவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். விலையை அடித்துப் பேசுவது சந்தை வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் வேலை அதேதான், விலை மட்டும் பாதி என்றால் குறைவது அவருடைய கவனம். அதற்குப் பதிலாக வேலையைக் குறையுங்கள். முதலில் ஐந்து பக்கமும் தொலைபேசி இலக்கமும் போதும், இணையவழிக் கொடுப்பனவை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றால் விலை தானாக இறங்கும். கொடுப்பனவிலும் 90 நாள் செக் பழக்கம் இங்கே சரிவராது. கடன் கொடுக்க அவரிடம் கையிருப்புச் சரக்கு கிடையாது. ஆரம்பத்தில் ஒரு பங்கு, மாதிரியைக் காட்டும்போது ஒரு பங்கு, தளம் இயங்கும் நாளில் மீதி என்று பிரிப்பதே இருவருக்கும் நல்லது.

எத்தனை பக்கம், எத்தனை தடவை திருத்தம், வருடாந்தப் பராமரிப்புக்கு எவ்வளவு என்பதை வாய்ப்பேச்சோடு விடாமல் மின்னஞ்சலிலாவது எழுதிக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி, மின்னஞ்சலில் உள்ளது என்பதற்காக மட்டும் ஓர் உடன்படிக்கை செல்லாததாகிவிடாது. டொமைன் பெயர் யாருடைய பெயரில் பதிவாகிறது என்றும் கேளுங்கள். செய்து கொடுப்பவர் தன் பெயரிலேயே பதிந்துவிட்டு, பின்னர் தொலைபேசியை எடுக்காமல் போனால், பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த முகவரி அடுத்தவர் கையில் இருக்கும். '.எல்கே' பெயரோ '.கொம்' பெயரோ, பதிவு உங்கள் வியாபாரத்தின் பெயரிலும், புதுப்பிக்கும் நினைவூட்டல் உங்கள் மின்னஞ்சலுக்கும் வர வேண்டும். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் கடவுச்சொற்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.