ஷூவைக் கழற்றிவிட்டு போலீஸ் கார் மீது ஏறிய மாணவர்! - கல்லூரி வளாகத்தில் பேச்சுக்கு எல்லை எது?

1964-ம் ஆண்டு, அக்டோபர் 1. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழக வளாகம். உள்ளே வந்த போலீஸ் காரைச் சுற்றி நூற்றுக்கணக்கான மாணவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். காரின் பின் இருக்கையில், கைதுசெய்யப்பட்ட ஜாக் வெயின்பெர்க் என்ற முன்னாள் மாணவர். காரை முன்னாலும் நகர்த்த முடியவில்லை, பின்னாலும் எடுக்க முடியவில்லை.

அப்போது 21 வயது தத்துவ மாணவர் ஒருவர் எழுந்தார். பெயர், மரியோ சாவியோ. திக்குவாய்ப் பிரச்னை உள்ளவர். காருக்குச் சேதம் வந்துவிடக் கூடாது என்று ஷூக்களைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் கூரை மீது ஏறிப் பேச ஆரம்பித்தார். அடுத்த 32 மணி நேரம் அந்தக் காரின் கூரைதான் மேடை. அவர் மட்டுமல்ல, போராட்டத்தை ஏற்காதவர்களும் அதே மேடையில் ஏறிப் பேசினார்கள்.

இத்தனைக்கும் காரணம், ஒரு சாதாரண மேசை!

கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ஓர் அமைப்பின் சார்பில், வளாகத்தில் மேசை போட்டு ஆதரவு திரட்டினார் வெயின்பெர்க். வளாகத்துக்குள் அரசியல் பிரசாரமோ நிதி வசூலோ கூடாது என்பது பல்கலைக்கழக விதி. வாசலையொட்டிய நடைபாதையில் மட்டும் மாணவர்கள் மேசை போட்டு வந்தார்கள். அந்த செப்டம்பரில் அதற்கும் தடை வந்தது. கோடை விடுமுறையில் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போய், கறுப்பின மக்கள் வாக்காளர்களாகப் பதிவுசெய்ய உதவிவிட்டுத் திரும்பியிருந்தார் சாவியோ. அங்கே மக்கள் உயிரைப் பணயம் வைத்து உரிமை கேட்கிறார்கள், இங்கே அதைப் பற்றி வாய் திறக்கக்கூட அனுமதி இல்லையா என்பதுதான் அவரைப் போன்றவர்களின் கோபம்.

போராட்டம் வளர்ந்தது. டிசம்பர் தொடக்கத்தில் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து அமர்ந்த மாணவர்களில் சுமார் 800 பேர் கைதானார்கள். டிசம்பர் 8 அன்று பேராசிரியர்கள் கூடி வாக்கெடுப்பு நடத்தினார்கள். மாணவர்களின் கோரிக்கைக்கு ஆதரவாக 824 வாக்குகள், எதிராக 115. அன்று சாவியோவுக்கு 22-வது பிறந்தநாள்.

எங்கே, எப்போது, எப்படி?

அந்தத் தீர்மானத்தின் சாரம் எளிமையானது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த விதத்தில் பேசலாம் என்று பல்கலைக்கழகம் விதி வகுக்கலாம். என்ன பேச வேண்டும் என்பதில் மட்டும் அது தலையிடக் கூடாது.

தேர்வு நடக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்தால் தடுக்கலாம். நூலக வாசலை மறித்து நின்றால் அப்புறப்படுத்தலாம். ஆனால், 'உன் கொள்கை எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லி ஒருவரின் மேசையைத் தூக்க முடியாது. பக்கத்து வகுப்பில் படிப்பவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை விதி பார்த்துக்கொள்ளும். கருத்தோடு மோதும் வேலை மாணவர்களுடையது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிடித்தமானவர்கள் பேசும்வரை இந்த விதியால் யாருக்கும் சிரமம் இல்லை. பிடிக்காதவர் வந்தபோது என்ன ஆனது?

புதுக்கோட்டையை ஆராய்ந்தவருக்கு வந்த சோதனை

2017 பிப்ரவரி 1. வலதுசாரிப் பேச்சாளர் மைலோ யியனோபுலஸ், ஒரு மாணவர் அமைப்பின் அழைப்பில் பெர்க்லிக்கு வந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு வேறொரு பல்கலைக்கழகத்தில் பேசியபோது, அங்கு படித்த திருநர் மாணவி ஒருவரின் படத்தைத் திரையில் காட்டி, பெயர் சொல்லிக் கேலி செய்தவர் அவர். பெர்க்லியிலும் அப்படி யாராவது குறிவைக்கப்படுவார்களோ என்ற அச்சம் பரவியது. நிகழ்ச்சியை ரத்து செய்யும்படி நூற்றுக்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் நிர்வாகத்துக்கு எழுதினார்கள்.

அப்போது வேந்தராக இருந்தவர் நிக்கோலஸ் டர்க்ஸ். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் வரலாற்றை ஆராய்ந்து புத்தகம் எழுதியவர் என்ற வகையில் தமிழகத்துக்கும் தெரிந்த பெயர். பேச்சாளரின் கருத்துகள் தனக்கு உடன்பாடானவை இல்லை என்றாலும், கருத்துக்காக ஒருவரைத் தடுக்க அரசுப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை என்பதே நிர்வாகத்தின் நிலை.

அன்று மாலை முகமூடி அணிந்த சுமார் 150 பேர் கூட்டத்துக்குள் புகுந்தார்கள். ஜன்னல்கள் உடைந்தன, தீ வைக்கப்பட்டது. வளாகத்துக்கு ஏற்பட்ட சேதம் சுமார் ஒரு லட்சம் டாலர். நிகழ்ச்சி ரத்தானது. மறுநாளே அதிபர் டிரம்ப், பெர்க்லிக்கு மத்திய அரசின் நிதியை நிறுத்துவது குறித்துப் பதிவிட்டார். வாயை அடைக்க நினைத்தவர்களால், அதுவரை அந்தப் பேச்சாளரைக் கேள்விப்படாதவர்களுக்கும் அவர் பெயர் போய்ச் சேர்ந்தது. அமைதியாக எதிர்ப்பைக் காட்ட வந்த ஏராளமான மாணவர்களின் குரல்தான் எடுபடாமல் போனது.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு வலதுசாரிப் பேச்சாளரான பென் ஷப்பிரோ வந்தார். புதிய வேந்தர் கேரல் கிறிஸ்ட் வேறு விதமாகத் தயாரானார். பாதுகாப்புக்கு மட்டும் சுமார் 6 லட்சம் டாலர் செலவானது. மன உளைச்சலுக்கு ஆளாகும் மாணவர்களுக்கு ஆலோசனை உதவி உண்டு என்றும் நிர்வாகம் அறிவித்தது. 'ஒரு பேச்சுக்கு கவுன்சலிங்கா?' என்று பலர் சிரித்தார்கள். ஆனாலும், ஷப்பிரோ உள்ளே பேசி முடித்தார், வெளியே எதிர்ப்பாளர்கள் கோஷமிட்டு முடித்தார்கள். சிலர் கைதானதைத் தவிர, பெரிய அசம்பாவிதம் இல்லை.

கருத்து வேறு, ஆள் வேறு

அந்த ஆலோசனை அறிவிப்பு சிரிப்புக்குரியதல்ல. பேசுபவர் ஒரு மணி நேரத்தில் விமானம் ஏறிவிடுவார். அவர் பேச்சில் அடிபட்ட சமூகத்தைச் சேர்ந்த மாணவி, மறுநாள் காலை அதே விடுதியில் கண் விழிக்க வேண்டும், அதே வகுப்பில் உட்கார வேண்டும். கருத்துச் சுதந்திரத்தின் விலையை எல்லோரும் சமமாகக் கொடுப்பதில்லை.

அதனால்தான் இன்னொரு கோடும் தேவைப்படுகிறது. ஒரு கொள்கையை, மதத்தை, அரசை எவ்வளவு கடுமையாகவும் விமர்சிக்கலாம். ஆனால், ஒரு குறிப்பிட்ட மாணவரை மிரட்டுவதும், விடாமல் துரத்தித் துன்புறுத்துவதும் கருத்து ஆகாது. அமெரிக்கச் சட்டமும் அவற்றுக்குப் பாதுகாப்பு தருவதில்லை. சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒருவரை மேடையில் பெயர் சொல்லிக் கேலி செய்வது பல நேரங்களில் சட்டப்படி குற்றமாகாது. அந்த இடத்தில் விதிப் புத்தகம் கைவிட்டுவிடும். அவர் பக்கத்தில் போய் நிற்கும் நண்பர்களும், 'இது தவறு' என்று வெளிப்படையாகச் சொல்லும் பேராசிரியர்களும்தான் துணை. தடை போடும் உரிமை நிர்வாகத்துக்கு இல்லை என்பதற்காக, கண்டிக்கும் உரிமையும் இல்லை என்றாகிவிடாது.

சாவியோ பிற்காலத்தில் கலிபோர்னியாவிலேயே விரிவுரையாளராக வேலை பார்த்து, 1996-ல் மறைந்தார். மறு வருடம், எந்த நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்ததற்காக அவர் சிறை சென்றாரோ, அதன் வாசல் படிகளுக்கே அவர் பெயரைச் சூட்டியது பல்கலைக்கழகம். அந்தப் படிகளுக்கு முன்னால் இன்றும் மாணவர் அமைப்புகள் மேசை போடுகின்றன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத அமைப்புகள் உட்பட!