கையை ஆளும் மூன்று நரம்புகள்

கழுத்திலிருந்து புறப்பட்டுப் புஜத்தின் வழியே இறங்கி, முன்கையின் தசைகளுக்குக் கட்டளையும் விரல் நுனிகளுக்கு ஸ்பரிச ஞானமும் அளிக்கும் பிரதான நரம்புகள் ரேடியல், மீடியன், அல்நார் என மூன்றே. அவை எங்கே ஆழ்ந்து செல்கின்றன, எங்கே தோலை ஒட்டி வருகின்றன என்பதை ஐயமறக் கற்றவரே கையில் கத்தி வைக்கும் அதிகாரம் பெற்றவர்.

ரேடியல் நரம்பு மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துகிறது. மீடியன் நரம்போ, விரல்களை மடக்கும் ஒன்பது தசைநார்களோடு மணிக்கட்டின் குறுகிய சுரங்கத்தில் நுழைந்து, கட்டைவிரலின் அடித்தசைக்கு ஒரு சிறு கிளையை அனுப்புகிறது. அக்கிளை பிரியும் இடம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதாலும், அது அறுபட்டால் கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு பற்றும் சக்தி குன்றுவதாலும், சுரங்கத்தின் கூரையைப் பிளக்கும் வைத்தியர்கள் மோதிரவிரலின் நேர்கோட்டை ஒட்டியே கீறுகிறார்கள். அல்நார் நரம்பு முழங்கையின் உட்புறத்தில் தோலுக்கு வெகு அருகில் வருவது. அங்கே இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுண்டுவிரல்வரை அதிர்வது அதனால்தான். உள்ளங்கையின் நுண்தசைகளில் பெரும்பாலானவை அதன் வசமிருப்பதால், அது செயலிழந்தால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் வளைந்து மடங்கிவிடுகின்றன.

உடலின் குளிர்ந்த பாகங்களையே நாடும் தொழுநோய்க் கிருமி, தோலை ஒட்டிய இந்த இடங்களில்தான் நரம்பைத் தாக்குகிறது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற டாக்டர் பால் பிராண்ட், செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் முடங்கிய கையைப் பற்றியபோது, அக்கையின் பிடி எதிர்பாராத வலிமையோடிருப்பதை உணர்ந்தார். உள்ளங்கைத் தசைகள் மடிந்தாலும் முன்கைத் தசைகள் பல உயிரோடிருக்கின்றன என்பதும், ரேடியல் நரம்பு அபூர்வமாகவே பழுதடைகிறது என்பதும் தெளிவானபின், நல்ல தசையின் நாரை விரல்களுக்கு மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையை அவரும் சகாக்களும் வேலூரில் வளர்த்தார்கள். விரல்கள் குறைந்துபோவது சதை அழுகுவதால் அன்று, வலி தெரியாத கை சூட்டையும் காயத்தையும் மீண்டும் மீண்டும் ஏற்பதால்தான் என்பதையும் அவர் நிலைநாட்டினார்.

நரம்பின் பாதையை அறிந்த சஸ்திர சிகிச்சை அசைவை மீட்டுத் தரும். மடிந்த ஸ்பரிசத்தை மீட்டுத் தருவதில்லை. ஆகவே உணர்ச்சியற்ற தேமலோ விரல்களில் மதமதப்போ தோன்றிய மாத்திரத்தில், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை நாடுங்கள்; வெட்கமும் காலதாமதமும் கையைப் பறித்துவிட இடந்தராதீர்கள்.