வெனிஸ் போகிற ஜோடிகளே... முதல்ல பழையகாயலைப் பார்த்துட்டுப் போங்க!

‘இந்தக் கல்யாண நாளுக்கு வெனிஸ் போகலாமா?’ என்று வீட்டில் பேச்சு ஓடுகிறதா? தாராளமாகப் போங்க. ஆனால், நீங்கள் தூத்துக்குடி பக்கத்துக்காரர் என்றால், அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தையாபுரத்தில் இருவரும் திருச்செந்தூர் பஸ் ஏறி, பழையகாயலில் இறங்குங்கள். வெனிஸின் அருமை அங்கேதான் புரியும்.

வெனிஸுக்கும் பழையகாயலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வெனிஸ்காரரான மார்க்கோ போலோ, சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் 1290-களில் பாண்டிய நாட்டுக் கரையைத் தொட்டவர். இங்கே நடந்த முத்துக்குளிப்பு பற்றியும், ‘காயல்’ என்ற பெரிய துறைமுகம் பற்றியும் அவருடைய பயண நூல் சொல்கிறது. ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் அங்கே நின்றன. ஊர் மக்கள் எந்நேரமும் வெற்றிலை மென்றதைக்கூட அவர் விடவில்லை! அந்தக் காயல்தான் இன்றைய பழையகாயல் என்று அடையாளம் காட்டியவர் கால்டுவெல். சீனப் பீங்கான், அரேபிய மண்பாண்டச் சில்லுகளை அவர் அங்கே பார்த்திருக்கிறார்.

கடல் எங்கே போச்சு?

இன்று அங்கே போனால் கடலைக் காணோம்! தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் காரணம். முதலில் கொற்கை. சங்க காலத்தில் முத்துக்குப் பேர்போன அந்தத் துறைமுகம் இப்போது கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அது தூர்ந்ததும் காயல் எழுந்தது. காயலும் தூர்ந்ததும் வியாபாரம் புன்னைக்காயலுக்கு நகர்ந்தது. கடைசியில் தூத்துக்குடி. ஆறு ஒரு பக்கம் மண்ணைத் தள்ள, ஊர் இன்னொரு பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது.

வெனிஸுக்கும் இதே ஆபத்து வந்தது. அந்த ஊரும் கடற்காயல் நடுவே உள்ள தீவுக்கூட்டம்தான். பிரெந்தா, பியாவே, சிலே ஆறுகள் அங்கேயும் வண்டலைக் கொட்டின. வெனிஸ் அரசு விடவில்லை. பல நூற்றாண்டுகள் செலவழித்து, கால்வாய் வெட்டி, ஆறுகளையே வேறு வழியில் திருப்பிவிட்டது. அதனால்தான் இன்றும் அங்கே தெருவுக்குப் பதில் தண்ணீர் ஓடுகிறது.

இப்போது கவலை தலைகீழ். கடல் ஊருக்குள் ஏறுகிறது. 2019 நவம்பரில் தண்ணீர் மட்டம் 187 சென்டிமீட்டரைத் தொட்டது. 2020 அக்டோபரிலிருந்து, ‘மோஸே’ என்ற தடுப்புக் கதவுகளை உயர்த்திக் கடலைத் தடுக்கிறார்கள்.

எப்படிச் சுற்றலாம்?

* பகலில் வந்து மாலையில் திரும்பாதீர்கள். ஓர் இரவாவது தங்குங்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் சந்துகளில் நிம்மதியாக நடக்க முடியும். பழைய நகரத்தில் குடியிருப்பவர்கள் இப்போது 50,000 பேருக்கும் குறைவு. 1950-களில் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள்.

* 2024 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட நாள்களில் பகல் நேரப் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. 5 யூரோவில் ஆரம்பம். ஊருக்குள் தங்குபவர்களுக்கு அது கிடையாது.

* கொண்டோலா படகுக்கு அரசு நிர்ணயித்த பகல் கட்டணம், 2023 நவம்பர் முதல் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. ஆளுக்கு அல்ல, ஒரு படகுக்கு. கட்டுப்படியாகாதா? ‘வப்போரெத்தோ’ என்ற நீர்ப்பேருந்தில் 1-ம் எண் வழித்தடத்தில் ஏறுங்கள். பெரிய கால்வாய் முழுவதையும் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

* புனித மார்க் சதுக்கம், தோஜே அரண்மனை இரண்டையும் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பிறகு, 1591-ல் கட்டி முடித்த ரியால்ட்டோ பாலத்துக்கு நடந்து வாருங்கள். அதன் அருகே ‘கோர்த்தே செகோந்தா தெல் மிலியோன்’ என்ற சின்ன முற்றம் இருக்கிறது. மார்க்கோ போலோவின் குடும்ப வீடு அந்த இடத்தில்தான் இருந்தது. போட்டோ எடுக்கும் முன் உங்கள் துணையிடம் சொல்லுங்கள்: “இந்த வீட்டுக்காரர் நம்ம ஊருக்கு வந்துட்டுப் போனவர்!”