ஜாயின்ட் எங்கே விழ வேண்டும்?

‘சமையல் மேடை எல் வடிவம். ஜாயின்ட்டே இல்லாமல் ஒரே கல்லாகப் போட முடியாதா?’ என்று கேட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முடியும். ஆனால் போடாதீர்கள் என்பேன்.

20 மில்லிமீட்டர் கனத்தில் 10 அடி நீளம், 2 அடி அகலமுள்ள நேர்க்கல்லே ஏறக்குறைய 100 கிலோ. அதோடு இன்னொரு காலும் சேர்ந்த கல்லை மாடிப்படியில் திருப்பும்போது உள்மூலையில் விரிசல் விழும். அமுக்கினால் எவ்வளவும் தாங்கும் கிரானைட், வளைத்தால் தாங்காது. கூரான உள்மூலையில்தான் அந்த இழுப்பெல்லாம் வந்து குவியும்.

ஆக, மூலையில் ஜாயின்ட் வரட்டும். நேராக வெட்டினால் அது 24 அங்குலம்; படச்சட்டம் போலக் குறுக்காக வெட்டினால் 34. கூர்முனை பெயர்வது தனி வம்பு.

சுவாரசியமான சிக்கல் சிங்க் பக்கம் இருக்கிறது. சிங்க்கின் நடுவே ஜாயின்ட் விட்டால், முன்னும் பின்னுமாகச் சேர்த்துக் கண்ணில் படுவது ஆறேழு அங்குலம்தான். அதனாலேயே சில மேஸ்திரிகளுக்கு அந்த இடம் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. கல்லின் மிக ஒல்லியான பட்டை அங்கேதான் இருக்கிறது. நாள் முழுக்கத் தண்ணீர் நிற்பதும், நாம் வயிற்றை முட்டுக்கொடுத்துப் பாத்திரம் தேய்ப்பதும் அங்கேதான். ஒயிட் சிமென்ட் பூசியிருந்தால் சீக்கிரமே கறுத்துவிடும். கல்லின் நிறம் கலந்த எபாக்ஸி தேவலை.

நம் கோயில் மண்டபங்களை அண்ணாந்து பாருங்கள். இரண்டு உத்திரங்கள் சந்திக்கும் இடம் தூணுக்கு மேலே, போதிகையின்மீது இருக்கும், அந்தரத்தில் இருக்காது. சமையல் மேடைக்கும் அதே கணக்குதான்: கீழே நிற்கும் தடுப்புச் சுவரோ கடப்பாக் கல்லோ தாங்கும் இடத்துக்கு நேர்மேலே ஜாயின்ட்.

அடுத்தது கல்லின் ஓட்டம். பொடிமணிக் கறுப்பில் ஜாயின்ட் ஒளிந்துகொள்ளும். அலையலையாக ஓடும் பாரடைசோவில் ஒளியாது. கட்டம் போட்ட துணியில் சட்டை தைக்கும்போது, எங்கள் தெருத் தையல்காரர் பையின் கட்டத்தை மார்புக் கட்டத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே கத்தரியை எடுப்பார். கல்லுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். ஒரே பாளத்தில் அடுத்தடுத்து அறுத்த பலகைகளைக் கேட்டு வாங்கினால் அலை பொருந்த வாய்ப்பு உண்டு.

நடப்பதோ வேறு. நிறத்தைத் தேர்ந்தெடுக்க நான்கு கடை ஏறுகிறோம். ஜாயின்ட்டை மட்டும், கையிலிருக்கும் துண்டு எங்கே முடிகிறதோ அங்கே விட்டுவிடுகிறோம். மலையை உடைத்துக் கொண்டுவந்த கல்லுக்கு இது மரியாதையா? கல் வாங்கும் முன்பே சிங்க், அடுப்பு, தடுப்புச் சுவர் மூன்றின் அளவையும் எடுத்துப் போங்கள். பலகையின்மேல் சாக்பீஸால் கோடு போடச் சொல்லி, பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.