கோயிற் காட்டில் பொறுக்கிய விதை

மரநடுகை என்றதும் எமது கிராமச் சங்கங்கள் முதலிற் கேட்பது, விரைவாக வளரும் கன்று எது என்பதையே. நாமும் அப்படித்தான் கேட்டு வந்தோம். தமிழ்நாட்டில், புதுச்சேரிக்கு அருகே உள்ள ஆரோவில்லில் நடந்ததை அறிந்தபின், அக்கேள்வி மட்டும் போதுமா என்ற ஐயம் எழுந்துள்ளது.

1968இல் அந்தக் குடியிருப்புத் தொடங்கியபோது அவ்விடம் செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்தோடிக் கடல் சிவக்கும். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் அயற் கிராமத்தவருடன் சேர்ந்து மண்வரம்பு கட்டி நீரை மறித்தார்கள். அவுஸ்திரேலிய அக்கேசியாவை நட்டார்கள். அது கிடுகிடுவென வளர்ந்து நிழல் தந்தது. சருகு கொட்டி மண்ணை மூடியது. அதை நாம் குறைசொல்ல மாட்டோம். ஆனால் அவர்களுள் தாவர ஆர்வலர் சிலர், அந்த மண்ணுக்கே உரிய காடு எதுவெனத் தேடத் தொடங்கினார்கள்.

அக்காடு விறகாகவும் வயலாகவும் போய்விட்டது. எஞ்சிய துண்டுகளிற் பல கோயில்களைச் சுற்றியே நின்றன. சாமியின் மரத்தில் கத்தி வைக்க ஊரார் அஞ்சியதால் தப்பியவை அவை. பழம் பழுக்கும் காலம் பார்த்து அங்கே சென்று விதை பொறுக்கினார்கள். மரங்களின் பெயரையும் பயனையும் ஊர் முதியவர்களிடமும் வைத்தியர்களிடமும் கேட்டறிந்தார்கள். இலையையும் பூவையும் உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேமித்தார்கள். 1973இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு இம்முயற்சியிற் பெயர்பெற்றது.

வீரை, பாலை, கருங்காலி, காயா என்று அவர்கள் தேடிய மரங்களின் பெயரைக் கேட்டால் எமது வன்னி வாசகர்களுக்குச் சிரிப்பு வரும். ஆம், கடலின் இரு கரையிலும் இருப்பது ஒரே வகை உலர் பசுமைக் காடுதான். அக்கோயிற் காடுகளில் ஒன்று கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலில் இருக்கிறது. எம்மவர் அகதிகளாகச் சென்று வாழும் முகாமொன்றும் அதே ஊரில்தான்.

2011 டிசெம்பர் 30ஆந் திகதி 'தானே' புயல் அக்கரையைத் தாக்கியது. ஆரோவில்லில் அக்கேசியா மரங்கள் பெருந்தொகையாகச் சாய்ந்தன. மெல்ல வளர்ந்து வைரம் பாய்ந்த சுதேச மரங்களோ பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. நாற்பது ஆண்டு காத்திருந்து கிடைத்த விடை அது.

எமது பக்கத்தில் தாய்மரங்கள் இன்னும் நிற்கின்றன. பாலைப்பழக் காலத்தில் கரடி வருமென்று பிள்ளைகளைக் காட்டுக்கு விடாத தாய்மாரும் இருக்கிறார்கள். ஆனால் நாம் பார்த்த நாற்றுமேடைகளில் தேக்கும் வேம்பும் இருந்தன. பாலைக்கன்று ஒன்றுகூட இல்லை.

அடுத்த பருவத்தில், உதடு ஒட்டத் தின்ற பழத்தின் விதையைத் துப்பிவிடாமல் கழுவி, புதிதாகவே பையில் ஊன்றிப் பாருங்கள். கன்று மிக மெதுவாகத்தான் எழும். பொறுமையில்லாதவர்களுக்கு ஒரு செய்தி: இந்தியாவில் சப்போட்டா ஒட்டுவதற்கு அடிக்கன்றாகக் கொள்வது இந்தப் பாலையைத்தான்.